பொருள்: மறு: இழுகம்பிக் கம்பம் – ஓரத்து அஸ்திவாரத்துக்கு என்ன பெயர்?

அண்ணாச்சி, வணக்கம்.

இழுகம்பிக் கம்பம், அதாவது சுற்றிலும் கம்பிகளால் இழுத்துக் கட்டி நிறுத்துகிற உயரக் கம்பம் – அது நிற்கும் நடு அஸ்திவாரத்துக்கும், கம்பிகளைக் கட்டும் ஓரத்து அஸ்திவாரங்களுக்கும் சேர்த்து நம் கலைச்சொல் பட்டியலில் 'அடித்தளம்' என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நடுவில் இருப்பது பாரம் சுமக்கிறது. கம்பத்தின் எடை மட்டுமல்ல, கம்பிகள் கீழே இழுக்கிற இழுவையும் அதன் தலையில்தான். ஓரத்தில் இருப்பதோ மேலே பிடுங்கிக்கொண்டு வராமலும், கம்பத்தின் பக்கம் நகராமலும் நிற்க வேண்டும். ஒரே பெயர் வைத்தால் படிக்கிற பையன் இரண்டையும் ஒரே மாதிரி கட்டிவைப்பான்.

என் யோசனை: நடுவில் தாங்குதளம், ஓரத்தில் பிடிதளம்.

> 'புதைமுளை' போதாதா? மாட்டுக்கு முளை அடிக்காத ஊர் உண்டா?

முளை அடித்து இறக்குவது. இது குழி வெட்டி, கான்கிரீட் கட்டை போட்டு, மண் மூடுவது. அதிலும் கம்பத்தைப் பார்த்த பக்கத்துக் குழிச்சுவரைக் கலைக்காமல் செங்குத்தாக வெட்டி, கட்டையை அதை ஒட்டியே வார்க்க வேண்டும். அந்த இளகாத மண்தான் பக்கவாட்டு இழுவைக்கு முட்டுக் கொடுக்கிறது. அள்ளிப் போட்ட மண்ணை அரையடிக்கு ஒருமுறை கெட்டித்தால்கூட அந்தப் பிடி வராது.

> அப்படியானால் 'புதைபாரம்'?

பாரத்தை மட்டும் நம்ப முடியாது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2400 கிலோ. தாமிரபரணிப் பாசன வயல்களில் நிலத்தடி நீர் மேலேறி அதை மூழ்கடித்தால் 1400 கிலோதான் கணக்கில் நிற்கும். ஆயிரம் கிலோவைத் தண்ணீர் தூக்கிக்கொள்கிறது.

– வள்ளியூரிலிருந்து

தம்பி,

தாங்குதளம், பிடிதளம் – ஜோடி நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். ஆனால் மின்வாரிய ஆட்கள் 'ஸ்டே' என்றுதான் சொல்வார்கள், அதையும் பக்கத்திலேயே போடு.

விளக்கக் குறிப்பில் மண்ணைச் சேர்க்காமல் விடாதே. கோவில்பட்டிக் கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே போகாத பிடிதளத்துக்குப் பிடி ஏது? திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், வேறு தொல்லை. கட்டையின் மேல் மூடிய மணலைக் காற்று கொண்டுபோய்விடும். பாரம் என்று நாம் கணக்கில் எழுதியது அந்த மணலையும் சேர்த்துத்தானே! கடலோரம் என்றால், பிடிதளத்திலிருந்து வெளியே வருகிற இரும்புத் தண்டை மண்ணுக்குக் கீழேயும் தோண்டிப் பார்க்க வேண்டும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு தின்றிருக்கும்.

தூரத்தையும் எழுது. 100 அடிக் கம்பத்துக்குப் பொதுவாக 60 முதல் 80 அடி தள்ளி, மூன்று திசையில். கிட்டே கொண்டுவந்தால் கம்பி செங்குத்தாகி, பிடிதளத்தைப் பிடுங்குகிற விசையும் தாங்குதளத்தின் சுமையும் சேர்ந்தே கூடும். உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து அடிக்கும்போது மேற்குக் கம்பிக்குத்தான் முழு வேலை, எதிர்ப்பக்கக் கம்பிகள் தளர்ந்து கிடக்கும்.

கம்பியைத் திருகி இறுக்குகிற 'டர்ன்பக்கிள்' என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். 'இறுக்குத்திருகி' என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார், கடையில் போய்க் கேட்டால் எடுத்துத் தர மாட்டான்.