போல்டிஸ்: 'உறிஞ்சுபற்று' சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இயற்கைக் கல் பதித்த சமையல் மேடையில் கறை எடுப்பது பற்றி நாம் தமிழில் எழுதும் கட்டுரை, போல்டிஸ் (poultice) என்ற சொல்லில் வந்து நிற்கிறது. கல்லுக்குள் இறங்கிய கறையை உறிஞ்சி எடுக்க மேலே அப்பும் குழைவுதான் போல்டிஸ். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழையில் வந்த பரிந்துரைகளுக்கு என் கருத்து கீழே.

> 'கறைப்பூச்சு' போதாதா?

பூச்சு என்றால் பூசி அப்படியே விட்டுவிடுவது. கல்லைக் காக்கும் சீலருக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம். போல்டிஸ் காய்ந்ததும் சுரண்டி எறியப்படுவது.

> 'களிம்பு'?

களிம்பு காயாது. இங்கே காய்வதில்தான் எல்லாமே இருக்கிறது. வெள்ளைக் களிமண், டால்க், பேக்கிங் சோடா மாதிரி உறிஞ்சும் பொடி ஒன்றைக் கறைக்கு ஏற்ற நீர்மத்தில் குழைக்கிறோம். எண்ணெய்க் கறைக்கு அசிட்டோன். காபி, தேநீர்க் கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதம். கறையின் விளிம்பைத் தாண்டிச் சற்று அகலமாக, 6 முதல் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் விடுகிறோம். அந்த நேரத்தில் நீர்மம் கல்லுக்குள் இறங்கிக் கறையை இளக்குகிறது. அப்புறம் தாளை எடுத்துவிட்டு நன்றாகக் காயவிட வேண்டும். மேலே ஈரம் ஆவியாக ஆவியாக, உள்ளே இருக்கும் நீர்மம் நுண்துளைகள் வழியாக ஏறி வருகிறது. கரைந்த எண்ணெயும் கூடவே வந்து பொடியில் தங்கிவிடுகிறது. ஈரத்தோடு வழித்தெடுத்தால் இளகிய கறை கல்லிலேயே நின்றுபோகும். பழைய கறைக்கு இதையே இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். இந்த இழுத்து உறிஞ்சும் வேலை சொல்லில் தெரிய வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

> 'பற்று' என்று எளிமையாக இருக்கட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை இதுதான். சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் பற்றும் ஒன்று. அரைத்துக் குழைத்து, வலிக்கும் இடத்தில் அப்பிக் காயவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'பற்றுப் போடு' என்று வினையும் தயாராக இருக்கிறது. ஒரே சிக்கல், சமையலறையில் பற்று என்றால் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் மிச்சம். 'கறைப்பற்று' என்று எழுதினால் கறை பற்றியிருப்பதாகத்தான் படிப்பார்கள். நீக்க வேண்டியதின் பெயர் நீக்கும் பொருளுக்கு வந்துவிடும். அதனால் 'உறிஞ்சுபற்று' என்கிறேன். சுழல்விளக்கு மாதிரி வினைத்தொகை, நடுவில் 'ப்' வராது. முதல் இடத்தில் முழுதாக எழுதிவிட்டுப் பிறகு பற்று என்றே சுருக்கிக்கொள்ளலாம்.

> எலுமிச்சை பட்ட வெளுத்த தடத்தையும் கறை என்று சொல்லிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மார்பிள், சுண்ணாம்புக்கல், டிராவர்டைன் எல்லாம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் மேற்பரப்பே கரைந்து பளபளப்புப் போய்விடுகிறது. உள்ளே எதுவும் இறங்கவில்லை, உறிஞ்சி எடுக்கவும் எதுவும் இல்லை. எத்தனை பற்றுப் போட்டாலும் போகாது. மறுபடி மெருகேற்றத்தான் வேண்டும். கிரானைட்டில் இந்தத் தொல்லை அரிது, எண்ணெய் இறங்கிக் கருத்துப்போவதுதான் அதிகம். விளக்கொளி சாய்வாக விழும்படி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: கறை பட்ட இடத்தில் நிறம் மாறியிருக்கும், மெருகு அப்படியே இருக்கும், அமிலம் பட்ட இடத்தில் ஒளி மங்கும், விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிப்பவர் தவறான வைத்தியம்தான் பார்ப்பார். இதற்கு 'அமிலவடு' என்று முன்மொழிகிறேன். 'அரிப்பு' என்றால் தோல்தான் நினைவுக்கு வருகிறது.

பொடியைக் குழைக்கும் நீர்மத்துக்கு இன்னும் பெயர் அமையவில்லை. 'கரைப்பான்' அசிட்டோனுக்குச் சரி. பெராக்சைடு கறையைக் கரைப்பதில்லை, வெளுக்க வைக்கிறது. கருநிறக் கல்லில் கல்லின் நிறத்தையே வெளுத்துவிடக்கூடும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியம். பிளீச்சையும் அம்மோனியாவையும் சேர்த்தால் நச்சுவாயு வரும் என்ற எச்சரிக்கையையும் இந்த இடத்தில்தான் எழுத வேண்டும். இப்போதைக்குக் 'குழைநீர்மம்' என்று போட்டு வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.