குடும்பக் குழு: நித்யாவின் ஆய்வுப் பணித் தேடல்

மதுரை அத்தை: அனைவருக்கும் வணக்கம். நித்யா உயிர்வேதியியலில் முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டாள். மருத்துவ ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். ஆனால் வேலைவாய்ப்புச் செயலிகளில் மருந்து விற்பனைப் பணிகளே வருகின்றன. கவிதா, ஆய்வகத்தில் இருக்கும் நீதான் வழி சொல்ல வேண்டும்.

கவிதா: அத்தை, இத்தகைய பணிகள் அந்தச் செயலிகளுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), டி.பி.டி. (மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை) போன்ற அமைப்புகள் ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கும்போதுதான், அந்த நிதியிலிருந்து ஓரிரு தற்காலிக இடங்கள் உருவாகின்றன. அறிவிப்பும் பல்கலைக்கழக இணையதளத்தில் சில நாட்களே இருக்கும். ஆகவே நித்யா, அறிவிப்புக்காகக் காத்திராமல், நிதி யாரிடம் இருக்கிறது என்று தேடு. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் உனக்கு விருப்பமான நோயையோ துறையையோ இட்டால் அண்மைக் கட்டுரைகள் கிடைக்கும். கட்டுரையின் இறுதியில் நிதி வழங்கிய அமைப்பின் பெயரும், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே பேராசிரியரின் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும்.

நித்யா: மிக்க நன்றி அக்கா. சென்னையில் எங்கிருந்து தொடங்கலாம்? நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா?

கவிதா: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உள்ள டாக்டர் ஏ.எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தை முதலில் பார். மருத்துவ உயிர்வேதியியல், மரபியல், நுண்ணுயிரியல் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் உயிர்மருத்துவ அறிவியல் துறை உண்டு.

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) இடத்துக்குப் பொதுவாக நெட் அல்லது கேட் (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு) தகுதி கேட்பார்கள். 2023 ஜனவரி முதல் அதற்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) நிலைக்கு உயர்ந்தால் 42,000 ரூபாய். நெட் இல்லாதவர்கள் புராஜெக்ட் அசோசியேட் (திட்ட ஆய்வு உதவியாளர்) இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், ஊதியம் குறைவு. ஐ.சி.எம்.ஆர். திட்டங்களில் 'புராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட்' (திட்டத் தொழில்நுட்ப உதவிப் பணி) என்ற பெயரிலும் இடங்கள் வருவதால், ஜே.ஆர்.எஃப். என்று மட்டும் தேடினால் பாதி வாய்ப்புகள் கண்ணில் படாது. வேலையில் சேர்ந்த பிறகும் நெட் தேர்வை விட்டுவிடாதே.

பெரியப்பா: பணம் கட்டினால் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் என் நண்பரிடம் சொல்லியிருக்கிறார். அதை நம்பலாமா?

கவிதா: கூடவே கூடாது, பெரியப்பா. திட்டப் பணிக்கு ஆளெடுப்பது அந்தப் பேராசிரியரும் தேர்வுக் குழுவும்தான். இடைத்தரகருக்கு அதில் வேலையே இல்லை. உங்கள் நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

மதுரை அத்தை: வேலை கிடைத்தால் பிஎச்.டி.யும் அதிலேயே முடிந்துவிடுமா?

கவிதா: தானாக முடியாது, அத்தை. பதிவுக்குப் பல்கலைக்கழகத்தின் விதிகள் தனி. இதனால்தான் நேர்காணலிலேயே இரண்டு கேள்விகளை அவள் தயங்காமல் கேட்க வேண்டும்: திட்டம் முடிய இன்னும் எத்தனை மாதங்கள் இருக்கின்றன, பிஎச்.டி. பதிவுக்கு அந்தப் பேராசிரியரிடம் இடம் இருக்கிறதா. மூன்றாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் சேர்ந்தால், வேலையைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் ஊதியம் நின்றுவிடும். நல்ல மாணவர்கள் பலர் இப்படித் தவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நித்யா: கடிதத்தை இவ்வாறு தொடங்கியிருக்கிறேன்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் பணியாற்ற விரும்புகிறேன்."

கவிதா: அந்த வரியை எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பலாம், அதனால் எடுத்துவிடு. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, உன் முதுநிலை ஆய்வில் நீயே கையால் செய்த பிசிஆர் (டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் முறை), செல் வளர்ப்பு ஆகியவற்றில் எது அந்த வேலைக்குப் பயன்படும் என்று முதல் பத்தியில் எழுது. திருத்தியதை எனக்குத் தனியாக அனுப்பு, இரவே பார்த்துவிடுகிறேன்.