புதுப்பிப்பு: டியூடர் கால லினன் ஸ்மாக், அக்குள் முனை கிழிவது நின்றது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்கள் கவுனுக்கு உள்ளே அணிந்த லினன் ஸ்மாக்கைத் தைக்கும்போது, அக்குளில் வைக்கும் சதுரத் துண்டின் முனை திரும்பத் திரும்பக் கிழிகிறது என்று கேட்டிருந்தேன்.

பின் தையலை நெருக்கிப் போடும் யோசனை பலிக்கவில்லை. ஊசித் துளைகள் கூடக் கூட அந்த இடம் இன்னும் நைந்தது. பலித்தது காஜா யோசனைதான். கையின் தையல் வந்து முடியும் முனையில், தேன்மெழுகு தடவிய லினன் நூலை 4 தடவை குறுக்கே இழுத்து, அதன்மேல் நெருக்கமாகக் காஜாத் தையல் போட்டேன். 6 மி.மீ. நீளம் போதும். கூடவே சதுரத்தை 10 செ.மீ.யிலிருந்து 14 ஆக்கினேன். கையைத் தூக்கும்போது இழுப்பு முனையில் குவியாமல் துண்டின் மூலைவாட்டில் பரவுகிறது. 8 சலவை ஆயிற்று, ஓர் இழைகூட விலகவில்லை.

எதிர்பாராத சிக்கல் கைப்பட்டியில் வந்தது. எட்டாம் ஹென்றி அரசரின் மனைவி ஜேன் சீமோரை ஓவியர் ஹோல்பைன் வரைந்த ஓவியத்தில் மணிக்கட்டருகே தெரிகிறதே, அந்த வகைக் கறுப்புப் பட்டு நூல் எம்பிராய்டரி. ஓட்டுத் தையலில் போய், இடைவெளிகளை நிரப்பித் திரும்பினால் இரு பக்கமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். எனக்குக் கோடு ரம்பப் பல்லாக வந்தது. திரும்பும்போது ஊசி எப்போதும் பழைய தையலுக்கு மேல்புறம் ஏறி, அடுத்ததற்குக் கீழ்புறம் இறங்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறாதவரை கோடு நேராக நிற்கிறது.

கறுப்புப் பட்டு நூலைத் தைப்பதற்கு முன்பே, சாயம் இறங்குவது நிற்கும்வரை குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள். அலசாத சோதனைத் துண்டில் சாம்பல் நிற வளையம் படிந்தது, பிறகு போகவே இல்லை.