ஓவர்லாக் மெசின் வாங்கியாச்சு, கைதான் இன்னும் வரல

கேள்வி: செம்பருத்தி, சுங்கை சிப்புட்

வணக்கம் அக்காமாரே. ப்ளவுஸ், பஞ்சாபி சூட், பிள்ளைங்களோட பள்ளிக்கூட பினஃபோர் எல்லாம் நான் வீட்டிலயே தைக்கிறவ. ஓரம் அடிக்க மட்டும் டவுன்ல ஜாஹிட் தெப்பி கடைக்குக் கொண்டு போவேன். தீபாவளி நெருங்கினா அங்க துணி கொடுத்துத் திரும்ப வாங்குறது பெரும்பாடு. செம்பனை ஆலையில போனஸ் போட்டதும் வீட்டுக்காரர் நாலு நூல் ஓவர்லாக் ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டார்.

கடையில கோத்துக் கொடுத்த நூல் இருந்த வரைக்கும் நல்லா ஓடுச்சு. அப்புறம் கீழ் லூப்பர் (ஊசி நூலோட சேர்த்து ஓரத்தைப் பின்னுற கொக்கி) நூல் அறுந்துச்சு. அதைத் திரும்பக் கோத்து ஓட்டினா கொஞ்ச தூரம் போகுது, பட்டுன்னு அறுந்துடுது. டென்சனை, அதான் நூல் இறுக்கத்தை, தளர்த்திப் பார்த்தும் அதே கதைதான். டீ-ஷர்ட் துணி அடிச்சா ஓரம் அலை அலையா நெளியுது. எல்லாத்தையும் விட, தைக்கும்போதே ஓரத்தைச் சீவுற அந்தக் கத்தி! பட்டு ப்ளவுசை அதுகிட்ட கொண்டு போகவே மனசு வரல. பழகினவங்க சொல்லுங்களேன்.

பதில்: லயத்துத் தையல்

தங்கச்சி, நானும் சிப்புட் பக்கம்தான். தோட்டத்து லயத்தில இருந்த காலத்திலேயே மெசின் மிதிக்க ஆரம்பிச்சவ. நீங்க சொல்றதப் பார்த்தா டென்சன் மேல தப்பு இருக்காது. ஊசி ரெண்டிலயும் நூல் கிடக்க, கீழ் லூப்பரை மட்டும் திரும்பக் கோத்திருப்பீங்க. அப்படிக் கோத்தா ரெண்டு நூலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி அறுந்துடும். எத்தனை தடவை கோத்தாலும் அறும்.

ஊசி ரெண்டிலயும் இருக்கிற நூலை உருவி விட்டுட்டு, கீழ் லூப்பரைக் கோத்து முடிங்க. அதுக்கப்புறம்தான் ஊசியைத் தொடணும். முதல்ல இருந்து கோக்கிறதா இருந்தா மேல் லூப்பர், கீழ் லூப்பர், வலது ஊசி, இடது ஊசி. அந்த வரிசையை மாத்தவே மாத்தாதீங்க. கோக்கும்போது துணியை அழுத்துற பாதத்தைத் தூக்கி வைங்க. பாதம் இறங்கியிருந்தா நிறைய மெசின்ல டென்சன் தட்டு இறுகிக்கும், நூல் உள்ள போய் உட்காராது.

மூடியைத் திறந்தா ஒவ்வொரு நூல் பாதைக்கும் ஒரு நிறம் குறிச்சிருக்கும். பழகுற வரைக்கும் அதே நாலு நிறத்தில கோன் நூல் போடுங்கம்மா. வெட்டுத் துணியில ஓட்டிட்டு உத்துப் பாருங்க. மேல் லூப்பர் நிறம் அடிப்பக்கம் இறங்கி வந்தா மேல் லூப்பர் டென்சனைக் கொஞ்சம் கூட்டணும். சேர்த்துத் தைச்ச துணியை விரிச்சா நடுவில ஏணிப்படி மாதிரி ஊசி நூல் தெரியுதா, அப்போ இடது ஊசி டென்சன் பத்தல. ஒரு நேரத்தில ஒரு டயலை மட்டும் திருப்புங்க, இல்லேன்னா எது எதைக் கெடுத்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது.

இப்போ கத்திக்கு வர்றேன். ப்ளவுசோட பக்கத் தையலை ஓவர்லாக்ல போடவே கூடாது. இதை யாருமே சொல்லிக் கொடுக்கிறதில்ல, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். யூடியூப்ல வெள்ளைக்காரங்க டீ-ஷர்ட் தைச்சுக் காட்டுறாங்க, அவங்களுக்கு அது சரி. நாம ப்ளவுசுக்குள்ள ஒரு இன்ச்சு, ஒன்றரை இன்ச்சு துணி விட்டு வைக்கிறோம், உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்னு. சேர்த்து வைச்சு அடிச்சா கத்தி அதைச் சீவிப் போட்டுடும். அப்புறம் பிரிக்க எங்க துணி இருக்கு? பினஃபோருக்கும் அதேதான், வளர்ற பிள்ளை.

அதனால லைனிங்கையும் மேல்துணியையும் சேர்த்து நூலோட்டிக்கிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா ஓரம் அடிங்க. விளிம்பு கத்தியை ஒட்டினாப்பல போகட்டும், பிசிறு மட்டும்தான் விழணும். அப்புறம் சாதா மெசின்ல அளவு பார்த்துக் கூட்டித் தைங்க. கைக்குழி மட்டும் கையை ஏத்தின பிறகு ரெண்டையும் சேர்த்து அடிக்கலாம், அங்க நாம அவ்வளவு துணி விடுறதில்ல. பயமா இருந்தா மேல் கத்தியை மடக்கி வைச்சுட்டுப் பழகுங்க, நிறைய வீட்டு மெசின்ல அந்த வசதி இருக்கு. குண்டூசி மட்டும் வேண்டவே வேண்டாம். கத்தியில பட்டா கத்தி போச்சு, உடைஞ்ச துண்டு கண்ணுக்குத் தெறிக்கும். கிளிப் போடுங்க.

பதில்: கோன்நூல், கூலிம்

அக்கா சொன்னதோட ஒண்ணு. டீ-ஷர்ட் துணி நெளியுறதுக்கு டிஃபரன்ஷியல் ஃபீடுன்னு ஒரு டயல் இருக்கு. பாதத்துக்கு அடியில துணியை நகர்த்துற பல்லு முன்னால ஒரு வரிசை, பின்னால ஒரு வரிசை. 1-ல வைச்சா ரெண்டும் ஒரே வேகம். இழுபடுற துணிக்கு 1.5-ல ஆரம்பிச்சு 2 வரைக்கும் ஏத்திப் பாருங்க, முன்பல்லு துணியைக் கூடுதலா உள்ள தள்ளும், நெளியாது. ஷிஃபான் சுருங்கினா 1-க்குக் கீழ இறக்குங்க. கையால பின்னாலருந்து இழுக்காதீங்க, ஊசி வளைஞ்சுடும்.

எல்லா நிறத்திலயும் நாலு நாலு கோன் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். லூப்பர் ரெண்டுக்கும் சாம்பலோ கிரீமோ போதும், வெளியில தெரியக்கூடியது ஊசி நூல்தான்.

செம்பருத்தி:

அக்கா, ஊசி நூலை உருவிட்டுக் கோத்தேன், அறுக்காம ஓடுது! ரொம்ப நன்றி. பினஃபோர் துண்டுங்களுக்கு ஓரம் அடிச்சு முடிச்சுட்டேன். பஞ்சாபி சூட்டு ஷிஃபான் துப்பட்டாவுக்குக் கடையில மெல்லிசா உருட்டி அடிச்சுத் தருவாங்களே, அது இந்த மெசின்ல வருமா?

பதில்: லயத்துத் தையல்

வரும்மா. இடது ஊசியைக் கழட்டிடுங்க, வலது ஊசி மட்டும், மூணு நூல். தையல் நீளத்தை 1 மில்லிமீட்டர் பக்கம் குறைச்சு, கீழ் லூப்பர் டென்சனை நல்லா ஏத்துங்க, அதுதான் விளிம்பைச் சுருட்டி உள்ள இழுக்கும். ஊசித்தட்டுல தையல் சுத்தி உட்கார்ற சின்ன விரலைப் பின்னால தள்ளி வைக்கணும். அது எங்க இருக்குன்னு உங்க மெசின் புத்தகத்தில படம் போட்டிருப்பாங்க. இதுக்குக் கத்தி வேலை செய்யட்டும், மடக்காதீங்க. நாலு மூலையிலயும் திருப்பாம நேரா ஓட்டி வெளிய வந்துடுங்க. வால் மாதிரி நிக்கிற நூலைப் பெரிய காது ஊசியால தையலுக்குள்ள செருகிட்டா பிரியாது. முதல்ல அதே ஷிஃபான்ல ஒரு துண்டு வெட்டி ஓட்டிப் பாருங்க, வேற துணியில சரியா வந்தது ஷிஃபான்ல வராமப் போகலாம்.