இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்: மெழுகு வார்ப்பா, உறை வார்ப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்குக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன், மூன்று நாளில் நாற்பது மடல் வந்துவிட்டது. பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும், அதனால் இதுவரை வந்த சொற்களை எடுத்து வைத்து என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக: டிப்ளமோ மெக்கானிக்கல் மாணவர்களுக்கு வார்ப்படப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். மெழுகு உருவின் மேல் குழம்பு பூசி ஓடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த ஓட்டுக்குள் உலோகத்தை ஊற்றுவதுதான் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங். கைக்கு வந்த பழைய வரைவில் அதற்கு 'முதலீட்டு வார்ப்பு' என்று இருந்தது. வகுப்பில் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, "சார், இதுக்கு மட்டும் நிறையப் பணம் போடணுமா?" என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

லத்தீனில் 'வெஸ்டிஸ்' என்றால் உடை, அதிலிருந்து வந்த வினைக்கு உடுத்துவது என்று பொருள். மெழுகு உருவுக்குக் குழம்பால் உடை போடுவதைத்தான் அந்த ஆங்கிலச் சொல் குறிக்கிறது. பல் மருத்துவர்கள் வழியாகவும் இது தொழிலுக்குள் வந்தது. 1907-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் பல்லில் பதிக்கும் தங்க அடைப்பை இப்படி வார்த்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமான எஞ்சின்களுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போசூப்பர்சார்ஜரின் பிளேடுகளுக்கு, அதாவது சுழலும் தகடுகளுக்கு, இதே முறை போனது. அங்கிருந்து இன்றைய ஜெட் எஞ்சின் வரை ஒரே கோடு.

//முதலீடு என்பதில் உள்ள ஈடு தவறான சொல் அல்ல. ஈடு என்றால் கவசம் என்றும் பொருள் உண்டு. முதல் என்பதை நீக்கிவிட்டு 'ஈட்டு வார்ப்பு' என்போம்.//

ஐயா, இதைப் படித்து அசந்துபோனேன். திருவாய்மொழிக்கு எழுந்த 'ஈடு' என்ற உரையின் பெயருக்குக் கவசம் என்று விளக்கம் சொல்லும் மரபு உண்டு என்பதும் சரிதான். ஆனால் 'ஈட்டு' என்று பார்த்ததும் மாணவனுக்குப் பொருள் ஈட்டுவதுதான் நினைவுக்கு வரும், மறுபடி பணத்துக்கே போய் நிற்போம். பதிற்றுப்பத்திலிருந்து கவசம் என்ற பொருளில் 'மெய்ம்மறை'யை எடுத்துத் தந்த நம் குழு அம்மாவுக்கும் மறுப்புதான். சொல் அழகு, ஆனால் பட்டறையில் வாயில் வராது.

அடுத்தது 'உறை வார்ப்பு'. நம்மில் பாதிப்பேர் இதன் பக்கம் இருந்தீர்கள், முதல் நாள் நானும்தான். சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. உறையைப் பெயராக எடுத்தால் உறையில் வார்ப்பது. வினையாக எடுத்தால் உறைகின்ற வார்ப்பு, வினைத்தொகை. 'உறைக்குழம்பு', 'உறைகுழம்பு' என்றால் ஒற்றை வைத்துப் பிரித்துவிடலாம். வார்ப்பு வகரத்தில் தொடங்குவதால் ஒற்றும் நமக்கு உதவாது. இதே பாடத்தில் நான்கு பக்கம் தள்ளி 'திசைவழி உறைதல்' வருகிறது, உலோகம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாகக் கெட்டியாவது. பக்கத்துப் பக்கத்தில் உறைக்கு இரண்டு பொருள் கொடுத்தால் பரீட்சையில் பிள்ளைகள்தான் மாட்டுவார்கள்.

அதனால்தான் 'மெழுகு வார்ப்பு' என்கிறேன். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். குறுந்தொகை 155-ல் தேர்மணியைப் பற்றி 'மெழுகான் றூதுலைப் பெய்த பகுவாய்த் தெண்மணி' என்று வருகிறது. ஆன்று என்பதற்கு அமைந்து என்பதா நிறைந்து என்பதா என்று இங்கே பதினோரு மடல் ஓடியது, அது தனி இழையாகத் தொடரட்டும். மெழுகையும் ஊதுலையையும் மணியையும் ஒரே தொடரில் வைத்த மொழிக்கு இந்தத் தொழிலைச் சொல்ல லத்தீன் உடை எதற்கு? ஜெர்மன்காரர்கள் அந்த உடையைத் தொடாமல் 'நுண்வார்ப்பு' என்ற பொருளில் தங்கள் சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

//சிற்பமும் டர்பைன் பிளேடும் ஒன்றா? மெழுகு இல்லாமலும் இந்த வார்ப்பு நடக்கிறது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் உருவும் முப்பரிமாண அச்சில் எடுத்த உருவும் வைத்து வார்க்கிறார்கள். ஒரு காலத்தில் உறையவைத்த பாதரசத்தையே உருவாக வைத்தார்கள். மாறாமல் இருப்பது ஓடு மட்டுமே.//

தம்பி, இந்த இழையில் வந்த கனமான மறுப்பு இதுதான். எனக்கு முழுப் பதில் இல்லை. வேலையும் வேறுதான். சுவாமிமலையில் ஒவ்வொரு சிலைக்கும் மெழுகைக் கையால் செதுக்குகிறார்கள். பிளேடுக்கு மெழுகை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, வந்த உருக்களை மரக்கிளை மாதிரி ஒரு தண்டில் ஒட்டி, கூழ்ம சிலிக்காவும் சிர்க்கான் மாவும் கலந்த, சூடு தாங்கும் குழம்பில் முக்கி, மேலே மணல் தூவி, காயவைத்து, மறுபடி முக்குகிறார்கள். இப்படி ஆறு முதல் ஒன்பது பூச்சு. பிறகு நீராவி அழுத்தத்தில் மெழுகை வெளியேற்றி, மிஞ்சிய ஓட்டைச் சுட்டு, காற்றை நீக்கிய அறையில் வைத்து அதற்குள் நிக்கல் கலவையை ஊற்றுகிறார்கள். எஞ்சினில் மோதும் வாயுவின் வெப்பம் அந்தக் கலவையின் உருகுநிலையையே தாண்டும், அதனால் பிளேடுக்குள் காற்று ஓடக் குளிர்வழிகள் வேண்டும். அதற்காக மெழுகுக்குள்ளேயே ஒரு பீங்கான் துண்டை வைத்து, வார்த்த பிறகு காரத்தில் கரைத்து எடுக்கிறார்கள். ஆனாலும் இன்றைக்கும் பெரும்பாலான பட்டறைகளில் உரு மெழுகுதான், அதை வைத்துப் பெயர் சொன்னால் மாணவனுக்கு முதல் படி கண்ணில் தெரியும். விதிவிலக்குகளை அடிக்குறிப்பில் எழுதுகிறேன்.

'ஓட்டு வார்ப்பு' என்றும் சிலர் எழுதினீர்கள். கோவை ஃபவுண்டரிகளில் ஷெல் (ஓடு) மோல்டிங் என்றால் ரெசின், அதாவது பிசின், கலந்த மணலில் செய்யும் வேறு வேலை. இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

கேட்காமலே வந்த ஒரு சொல்லையும் முடித்துவிடலாம். 2021 ஏப்ரலில் ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) நிறுவனத்திடம் 60 பிளேடுகள் கொடுத்ததே, அவை ஒவ்வொன்றும் ஒற்றைப்படிகம், அதாவது பிளேடு முழுவதும் ஒரே படிகமாக உறைந்தது. அந்தச் சொல்லில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் உலோகம் உறையும்போது பல படிகங்களில் ஒன்றை மட்டும் பிளேடுக்குள் மேலே ஏறவிட ஓட்டின் அடியில் வைக்கும் சுருள் பாதைக்கு 'பன்றிவால்' என்று ஆங்கிலத்தை அப்படியே போட்டவருக்கு: வேண்டாம். சடை என்றாலே போதும், 'தேர்வுச்சடை' என்று எழுதியிருக்கிறேன்.

எண்ணிப் பார்த்தேன்: மெழுகு வார்ப்புக்கு ஒன்பது பேர், உறை வார்ப்புக்கு ஆறு, ஈட்டு வார்ப்புக்கு ஐயா ஒருவர், அவர் மாறப்போவதில்லை என்று எழுதியும் விட்டார். பாடத்தில் மெழுகு வார்ப்பு, அடைப்புக்குறியில் உறை வார்ப்பு என்று போடுகிறேன்.

அப்புறம், அந்த பீங்கான் துண்டுக்கு, அதாவது கோருக்கு, இன்னும் சொல் இல்லை. 'கரு' என்று வைத்தால் அச்சையும் கரு என்பார்களே என்று அம்மா கேட்கிறார். 'உள்ளீடு' கணினிக்காரர்களிடம் போய்விட்டது. படத்தில் அம்புக்குறி போட்டு இடம் காலியாக விட்டிருக்கிறேன், நாளை மாலைக்குள் யாராவது சொல்லுங்கள்.