எந்த உதவியை எங்கே கேட்டோம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பராமரிப்பாளர்களின் அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். கழுத்து நிற்கிறது; முதுகு நிற்பதில்லை. பேச்சு வரவில்லை என்றாலும், நாம் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரிகிறது. மருத்துவமனையிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்மார்களுடன் பேசும்போதெல்லாம், எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாமலும், அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலும் இருப்பதைக் காண்கிறேன். ஆகவே என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதினால் பலருக்கு உதவும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவனைப் பரிசோதித்து, பாதிப்பு 80 விழுக்காடு என்று சான்று அளித்தார்கள். அதன் பேரில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாயும் கிடைத்தன. என் கணவர் பெங்களூருவில் கட்டட வேலைக்குச் செல்பவர். வேலை உள்ள வாரமும் உண்டு, இல்லாத வாரமும் உண்டு. அதனால் மாதந்தோறும் வரும் அந்தத் தொகை எங்கள் குடும்பத்திற்குப் பெரிய ஆதாரம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் உதவித்தொகை வரத் தொடங்கிய பிறகு, எங்கே சென்று "என் மகனுக்கு மூளை முடக்குவாதம், வேறு ஏதேனும் உதவி உண்டா?" என்று கேட்டாலும், "பணம்தான் வருகிறதே அம்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த நிலையை மாற்றியவர், பள்ளிக்கல்வித் துறையின் ஒன்றிய வள மையத்திற்கு வரும் இயன்முறை மருத்துவர். அவர் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அவனுக்காக நான் என்னென்ன செய்கிறேன் என்பதை வரிசையாகச் சொல்லச் சொன்னார். மடியில் படுக்க வைத்துக் கூழ் ஊட்டுகிறேன் என்றதும் இடைமறித்து, புரையேறுகிறதா, அடிக்கடி நெஞ்சுச்சளி பிடிக்கிறதா என்று கேட்டார். படுத்த நிலையில் ஊட்டும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் என்றும், அவனை நிமிர்த்தி உட்கார வைக்கும் நாற்காலி கிடைத்துவிட்டால் சளிக்காக மருத்துவமனைக்கு அலைவது தானாகக் குறையும் என்றும் விளக்கினார்.

தலை, இடுப்பு, கால் ஆகியவற்றைத் தாங்கும் பட்டைகளோடு கூடிய சிறப்புச் சக்கர நாற்காலியை மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கென்றே நலத்துறை வழங்குகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். "உட்கார வைத்து உணவூட்ட வழியில்லாததால் என் மகனுக்கு அடிக்கடி புரையேறி நெஞ்சுச்சளி உண்டாகிறது, எடை கூடிவிட்டதால் என்னால் அவனைத் தூக்கவும் இயலவில்லை" என்று மனுவில் எழுதி, இயன்முறை மருத்துவரின் பரிந்துரையையும் இணைத்து, திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தேன். அளவெடுக்க அழைத்தார்கள், காத்திருப்புக்குப் பின் நாற்காலியும் வந்தது. இப்போது எங்கள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுகிறான். சளித் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது.

எனவே, உதவி கேட்கச் செல்லும்போது நோயின் பெயரோடு நிறுத்திவிடாமல், அந்த நோயால் வீட்டில் எந்த வேலை நடக்காமல் நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள். நோய்க்குத் தொகைதான் கிடைக்கும். நின்றுபோன வேலையைச் சொன்னால் அதற்குரிய கருவியும் பயிற்சியும் கிடைக்கின்றன.

ஊத்தங்கரையிலிருந்து ஓர் அண்ணன்:

பாலக்கோடு சகோதரி சொன்னது முதுகுத்தண்டு பாதிப்புக்கும் பொருந்தும். என் தம்பி மாங்காய் பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவன். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையில், "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைச் சொல்லித்தர அங்கே எவருக்கும் நேரமில்லை. வீட்டிற்கு வந்த சிறிது காலத்திலேயே பிட்டத்தில் படுக்கைப் புண் வந்து, எலும்பு தெரியுமளவுக்கு ஆழமாகிவிட்டது.

உறவினர் ஒருவர் சொல்லி, வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு நிலையத்திற்கு அவனை அழைத்துச் சென்றோம். விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மருத்துவப் பணி செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. அங்கே தம்பிக்கு மட்டுமல்லாமல் உடன் தங்கியிருந்த அம்மாவுக்கும் எனக்கும் பயிற்சி கொடுத்தார்கள். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்; நாற்காலியில் இருக்கும்போது அவனே கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இறக்க வேண்டும்; உணர்வில்லாத இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்; சிறுநீர்க் குழாயை எப்போதும் செருகி வைத்திருக்காமல், கைகளைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, நேரம் பார்த்து அதைச் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். கேட்பதற்குச் சிறிய காரியங்களாகத் தோன்றினாலும், என் தம்பி இன்று உயிரோடு இருப்பதற்கு இவையே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனாலும் அது சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றே நம் ஊர்களில் பலரும் எண்ணுகிறார்கள். வீட்டிற்கு வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை அளிப்பதும் அதே திட்டத்தில் அடங்கும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சென்று, "புண்ணுக்குக் கட்டுப்போட வண்டி வைத்து அழைத்துவர எங்களுக்கு வசதியில்லை" என்று சொன்ன பிறகு, செவிலியர் வீட்டிற்கே வரத் தொடங்கினார்.

ஓசூரிலிருந்து ஒரு தந்தை:

என் மகளுக்கு ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளன. சிறு வயது முதல் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் காட்டி வருகிறோம். மருத்துவத்தைப் பொறுத்தவரை எங்களுக்குக் குறையில்லை. அவளுக்கு 18 வயது நிறைந்தபோதுதான் வேறு வகையான சிக்கல் தொடங்கியது. அவள் பெயரில் இருந்த சேமிப்பில் பணம் எடுக்கச் சென்றபோது, ஒரு வங்கியில் "அவர் இப்போது வயதுவந்தவர், தந்தை கையெழுத்திட்டால் போதாது, சட்டப்படியான பாதுகாவலர் சான்று வேண்டும்" என்றார்கள். அவள் பிறந்த நாள் முதல் அவளுக்காக எல்லாக் கையெழுத்தையும் இட்டு வந்த எனக்கு அந்தச் சொல் மிகுந்த வலியைத் தந்தது.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் ஒரு குழு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்தோம். நேரில் அழைத்து விசாரித்து, அவளோடும் பேசிப் பார்த்துச் சான்று வழங்கினார்கள். இவ்வகைக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 18 வயது நெருங்கும்போதே இதற்கு ஆயத்தமாக வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே சட்டத்தின் கீழ் இயங்கும் அறக்கட்டளை 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீட்டையும் தருகிறது. ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை செலவை ஈடுசெய்கிறார்கள். சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. பேச்சுப் பயிற்சி போன்ற தொடர் சிகிச்சைகளும் அதில் அடங்கும். செலவு செய்த பிறகே பணம் திரும்ப வரும் என்பதால், சிகிச்சைக்குரிய ஒவ்வொரு இரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். என்னைப் போல் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் பெறுவோர், வருமான வரியின் பழைய முறையில் கணக்கு காட்டினால், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்காக வரிக்குரிய வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

பென்னாகரம் அருகிலிருந்து ஒரு மருமகள்:

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. என் மாமனார்தான் நடக்க இயலாமல் இருக்கிறார். இந்தப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய நீண்ட காலம் முழுவதும் அவர் அந்தக் கிணற்று நீரையே குடித்தவர். பல்லில் பழுப்புக் கறை ஏறியது முதலில்; பிறகு கழுத்து, முதுகு, முழங்கால் என ஒவ்வொன்றாக இறுகிவிட்டன. இப்போது அவரால் குனியவும் முடியாது, குந்தவும் முடியாது. "வயதானால் வருவதுதானே" என்று ஊரே சொல்லும். அவரும் அப்படியே நம்பியிருந்தார். மாற்றுத்திறனாளி என்று சான்று வாங்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு இல்லை.

அவர் வாங்கும் முதியோர் ஓய்வூதியத்தோடு மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பெற இயலாது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இனி கேட்க ஒன்றுமில்லை என்று திரும்பியிருப்போம். ஆனால் எங்கள் உண்மையான துன்பம் பணத்தில் இல்லை, கழிப்பறையில் இருந்தது. குந்த முடியாத ஒருவரை நானும் மாமியாரும் இருபுறமும் தாங்கிப் பிடித்து உட்கார வைப்போம். அவர் கூசி, அடிக்கடி கழிப்பறை போக நேருமே என்று உணவையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். மருமகளிடம் அந்த உதவியைப் பெற வேண்டியிருந்தது அவருக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தட்டில் மிஞ்சிய சோற்றைப் பார்த்து நானே அறிந்துகொண்டேன்.

எலும்பு மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, அவர் மூட்டுகள் எவ்வளவு மடங்குகின்றன என்று அளந்து பார்த்து, சான்றுக்கும் பரிந்துரைத்து, துளையுள்ள கழிப்பு நாற்காலியையும் நடைச்சட்டத்தையும் எழுதிக் கொடுத்தார். அறுபது வயது கடந்த ஏழை முதியோருக்கு ஊன்றுகோல், நடைச்சட்டம், காதொலிக் கருவி போன்றவற்றை வழங்கும் வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது; உதவிக் கருவிகள் செய்யும் மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் முகாம் நடத்தும்போது அளவெடுக்கிறார்கள். முகாம் வரும்வரை காத்திருக்காமல், எங்கள் ஊர்க் கொத்தனாரைக் கொண்டு கழிப்பறையில் உயரமான மேடையும் சுவரில் இரும்புக் கைப்பிடியும் வைத்தோம். மாமனார் இப்போது தாமாகவே போய் வருகிறார். வயிறாரச் சாப்பிடவும் செய்கிறார்.

அவரைத் தூக்கித் தூக்கி எனக்கு வந்த முதுகுவலி மட்டும் போகவில்லை. அதற்கு எங்கே போவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு உடல்நலமில்லை என்றாலும் ஓர் இரவு அங்கே போய்த் தங்க இயலவில்லை.

அரூரிலிருந்து ஒரு சிறப்புப் பயிற்றுநர்:

எல்லோருடைய பதிவுகளையும் படித்தேன். பென்னாகரம் தங்கைக்கு முதலில் சொல்கிறேன்: உங்கள் முதுகுவலிக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தின் இயன்முறை மருத்துவரிடமே கேளுங்கள். ஆளைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, அவரை உடலோடு அணைத்துக்கொண்டு எழும் முறையைச் சொல்லித்தருவார்கள். அது நோயாளிக்கான சிகிச்சையைப் போலவே முக்கியமானது. மனம் மிகவும் சோர்ந்துபோனால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். பராமரிப்பவர்கள் தங்களுக்காக உதவி கேட்பது தவறு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. அது என்னை மிகவும் வருத்துகிறது.

உயர் ஆதரவு தேவைப்படுவோரை, அதாவது அன்றாட வேலைகளுக்கெல்லாம் பிறர் உதவி மிகுதியாகத் தேவைப்படுவோரைக் கவனித்துக்கொள்வதற்கென, பராமரிப்பு உதவித்தொகைக்கு மேலாக மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் வழங்குகிறார்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. உடன் வருபவர் ஆணாக இருந்தாலும் இது பொருந்தும் என்பதைப் பல தந்தையர் அறியாமல் பயணச்சீட்டு வாங்குகிறார்கள்.

அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கொடுத்தால் விழுக்காட்டைக் கூட்டித் தருகிறேன் என்று மருத்துவமனை வாசலில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைகளே இருந்தன. எனவே முன்பு சான்று மறுக்கப்பட்ட தலசீமியா என்னும் இரத்தக் குறைபாடு, தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு போன்றவை உள்ளவர்கள் மீண்டும் ஒருமுறை மருத்துவக் குழுவிடம் செல்ல வேண்டும். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். அடுத்த முறை செல்லும்போது அந்த எண்ணைச் சொன்னால்தான் உங்கள் தாளைத் தேடி எடுப்பார்கள்.

ஓர் இரவாவது வெளியே தங்குவது எப்படி என்ற கேள்விக்கு, நம் மாவட்டங்களில் எளிய விடை இல்லை. குறுகிய காலம் விட்டுச் செல்லும் இல்லங்கள் நம் ஊர்களுக்கு அருகில் போதிய அளவில் இல்லாதது பெரும் குறை. மனு கொடுக்கும்போது இதையும் தனியே எழுதிக் கொடுங்கள், கேட்காத தேவை எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

பாலக்கோட்டிலிருந்து அதே தாய்:

பென்னாகரம் சகோதரிக்கு: நான் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் ஒத்துவருமா பாருங்கள். என் மகனைப் பார்த்துக்கொள்ளும் முறை முழுவதையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எந்த மருந்து எத்தனை மணிக்கு, கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், எப்படி அழுதால் பசி, எப்படி அழுதால் வலி என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, இரும்பைக் கையில் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். என் நாத்தனாரை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் அவர் கையாலேயே எல்லாவற்றையும் செய்ய வைத்தேன். முதலில் ஒரு வேளை உணவு, பிறகு ஒரு பகல் என்று அவரிடம் விட்டுப் பார்த்தேன். சென்ற மாதம் என் தம்பி திருமணத்திற்குச் சேலம் சென்று ஓர் இரவு தங்கி வந்தேன். உங்கள் மாமனார் பேசக்கூடியவர் என்பதால், அந்தத் தாளை அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். யார் உதவினால் அவருக்குக் கூச்சமிருக்காது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.