கிரானில் ஓடும்போது மட்டும் விண்டோஸ் பாதை பாதியில் அறுந்துபோகிறது

கேள்வி:
வணக்கம். உபுண்டு 22.04 சர்வரில், விண்டோஸ் கோப்புறைகளின் பாதைகளை, கொடுத்த உரையை எழுதித் தரும் எக்கோ கட்டளை மூலம் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்திருக்கிறேன். டெர்மினலில் நானே ஓட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது. கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல்) ஓடும்போதோ, 'நியூ' என்ற கோப்புறை வரும் இடத்தில் வரி உடைகிறது. 'காமன்' என்ற கோப்புறை வந்தால் அதற்குப் பிறகு உள்ளது முழுவதும் மறைந்து, அடுத்த பாதை அதே வரியில் ஒட்டிக்கொள்கிறது. பாதைகள் அனைத்தும் ஒற்றை மேற்கோளுக்குள்தான் இருக்கின்றன. ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) என்று நான் குறிப்பிடவில்லை.

மறுமொழி 1:
பின்சாய்கோடு (\) வரும் இடத்தில் எல்லாம் இரண்டாக இட்டுப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

மறுமொழி 2:
இரட்டிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; கிரானில் சரியாகும் அதே ஸ்கிரிப்ட், டெர்மினலில் இரண்டு பின்சாய்கோடுகளை அப்படியே எழுதிவிடும். உங்கள் மேற்கோளில் பிழை இல்லை. ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதை ஷெல் தொடுவதில்லை. ஆனால் ஷெல் கொடுத்ததை எக்கோ தன் பங்குக்கு மறுபடியும் வாசிக்கிறது, அந்த வாசிப்புதான் ஷெல்லுக்கு ஷெல் வேறுபடுகிறது. முதல் வரி இல்லாத ஸ்கிரிப்டை, உங்கள் டெர்மினலில் வழக்கமாக இருக்கும் ஷெல்லான பாஷிலிருந்து அழைத்தால் பாஷே ஓட்டும். கிரான் அழைத்தால் எஸ்எச் என்ற பெயரில் உள்ள ஷெல் ஓட்டும். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்எச் என்பது டாஷ் என்னும் வேறொரு ஷெல். பாஷின் எக்கோ, கேட்டால் ஒழியப் பின்சாய்கோட்டுக்குப் பொருள் கொள்ளாது. டாஷின் எக்கோ கேட்காமலே கொள்ளும். அதனால்தான் பின்சாய்கோட்டை அடுத்த 'என்' ('நியூ'வின் ஆங்கில முதல் எழுத்து) புதுவரியாகிறது. 'காமன்' தொடங்கும் 'சி' வந்தாலோ, வரிமுடிவு உட்பட அதன் பின் எதையும் எழுதாதே என்று பொருள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரமும் இந்த வேறுபாட்டை அனுமதித்துவிட்டு, எக்கோவுக்குப் பதிலாக பிரிண்ட்எஃப் கட்டளையைப் பயன்படுத்தச் சொல்கிறது. கீழ்வரும் வரியை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடுங்கள்:

பிரிண்ட்எஃப் '%எஸ்\என்' "$பாதை"

பாதையை வைத்திருக்கும் மாறியை முதல் இடத்தில், அதாவது எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் வடிவச் சரமாக, ஒருபோதும் வைக்காதீர்கள். வைத்தால் பிரிண்ட்எஃப்பும் பின்சாய்கோடுகளுக்குப் பொருள் கொள்ளத் தொடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, இரண்டு இடத்திலும் ஒரே விளைவு வருகிறது. பிறகு பாதைகளைத் தனிக் கோப்பில் வைத்து, ரீட் கட்டளையால் வரி வரியாகப் படிக்கும்படி மாற்றினேன். இப்போது பின்சாய்கோடுகளே காணவில்லை, பெயர்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. இதுவும் டாஷின் வேலையா?

மறுமொழி 2:
இல்லை, இதில் பாஷும் டாஷும் ஒன்றுதான். ரீட் பின்சாய்கோட்டைக் கண்டால் அதை நீக்கிவிட்டு அடுத்த எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். ரீட்டுக்குப் பின் '-ஆர்' சேர்த்தால் வரியில் உள்ள பின்சாய்கோடுகள் அப்படியே கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்:
சேர்த்தேன். இன்று இரவு கிரான் எழுதிய கோப்பில் 'காமன்' கோப்புறையின் பாதை முழுமையாக, தனி வரியில் இருக்கிறது.